துண்டுக்குள் ஒரு விரல்

முதல் தடவை அவர் என்னைப் பார்த்தபோது என் காலைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் காலைத்தான் பார்த்தார். மூன்றாம் தடவை முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்ன சொல்லில் எனக்குக் கைகால் ஆடிப்போய்விட்டது. அந்த ஆட்டம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. இப்போது எனக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். எத்தனை மேல் என்று சொல்லத் தெரியாது. நான் பிறந்ததை எழுதி வைக்க எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லை.

அவருக்கு ஒரு பேர் இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. நோட்டக்காரர் என்றால் போதும், கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் தெரியும். சந்தையில் மாடு வாங்கப் போகிறவர்கள் அவரை முன்னால் விட்டுப் பின்னால் போவார்கள். விலை பேசுவது தரகர்கள் வேலை. அதில் அவர் தலையிடமாட்டார். குறையைக் கண்டு சொல்வதோடு அவர் வேலை முடிந்தது.

ஆள் குட்டை. காது வளர்த்து, சோணை தொங்கும். தோளில் எப்போதும் ஓர் ஈரிழைத் துண்டு. மற்றவர்கள் துண்டில் வெற்றிலைக் கறையும் வேர்வையும் சாணமும் இருக்கும். அவருடையது வெள்ளையாக இருக்கும். விரல்கள் அதைவிடச் சுத்தம். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு பேனாக்கத்தியை எடுத்து நகத்தைச் சீவிக்கொண்டிருப்பார். சீவி முடித்ததும் மடியிலிருந்து சின்னச் சிமிழை எடுத்து, விளக்கெண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாக நீவுவார்.

“என்னய்யா, பொம்பளையாட்டம் விரலுக்கு எண்ணெய் போடுறீக?” என்று ஒருத்தர் கேலி பண்ணினார்.

“ஒனக்கு நாக்கு வாயில இருக்கு. எனக்கு இங்கன இருக்கு” என்று விரலைக் காட்டினார்.

அது விளையாட்டுப் பேச்சில்லை. சந்தையில் துண்டுக்குள் கை கோத்துப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்கு அடியில் இருக்கும், விரல்தான் பேசும், சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. தரகர்கள் அப்படி விலை பேசினார்கள். இவர் அப்படிக் குறை பேசினார். அந்தக் கணக்கை என் தாய்மாமன்தான் எனக்குச் சொன்னார். அதையும் சந்தையில் வைத்துச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி வருகிற வழியில், புளியமரத்து நிழலில் நின்று, யாராவது வருகிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஒத்த விரலப் பிடிச்சா ஒத்தக் கண்ணு. ரெண்டு விரலச் சேத்துப் பிடிச்சா காலுல குறை. சுண்டு விரலத் திருகுனா பல்லு பொய். மணிக்கட்டப் பிடிச்சா சுத்தமான மாடு, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். வெளிய சொல்லிராதடா. துண்டுக்குள்ள சொன்னது துண்டோட போயிரணும். சந்தை மொறை அது.”

சொல்லக் கூடாது என்பதைச் சொல்லாமல் இருக்க மாமாவால் முடியாது. அது அவர் சுபாவம்.

அன்றைக்கு மாமாவுக்கு அவர் ரெண்டு விரலைச் சேர்த்துப் பிடித்திருந்தார். அது ஒரு வெள்ளைக் காளை. சந்தையே அதைச் சுற்றி நின்றது. பொட்டிப்புரத்துப் பெரிய சம்சாரி ஒருவர் கொண்டு வந்திருந்தார். மாடு நடந்தால் மண் தெறித்தது. நோட்டக்காரர் அதன் பல்லைப் பார்க்கவில்லை, சுழி பார்க்கவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நெற்றியில் கை வைத்துப் பின்னால் தள்ளினார்.

“முன்னால போறதுக்கு எல்லா மாடும் நல்ல மாடுதேன். பின்னால போகட்டும், பாப்பம்” என்றார்.

நாலு எட்டுதான் மாடு பின்னால் போயிருக்கும். அவர் கையை எடுத்துவிட்டார். நேரே அந்தச் சம்சாரியிடம் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். அதுவும் அவர் வைத்திருந்த முறைதான். குறை தெரிந்தால் முதலில் மாட்டுக்காரன் காதில் சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவனுக்கு அப்புறம்தான். சம்சாரி சிரித்தார். “போய்யா, எந்தொழுவுல பெறந்த மாடு, எனக்குத் தெரியாத குறை ஒனக்குத் தெரியுமாக்கும்” என்றார். மாமா வாங்காமல் வந்துவிட்டார். வேறு ஒருத்தர் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் முதல் உழவில், முதல் சாலில், இடுப்பு விட்டு அந்த மாடு படுத்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டதும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். நாலு எட்டில் இதைப் பார்த்த மனுசன் நம்மைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஒரு பயம்.

அவர் மனுசர்களையும் பார்ப்பார் என்பது எனக்கு அப்போதே தெரியும். மதுரையில் ஒரு மில். அந்த மில்லில் சடுகுடுவுக்கு ஒரு செட் வைத்திருந்தார்கள். நன்றாக விளையாடுகிறவனுக்கு அங்கே வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ஆள் எடுக்க வேண்டுமென்றால் இவரிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். இவர் ஊர் ஊராகத் திருவிழா ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பார். மாட்டுக்கும் மனுசனுக்கும் ஒரே ஆள் நோட்டமா என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது சோற்றுக் காரியம்.

எனக்கு இன்னும் கூடுதலான காரியம். என் அப்பா ஏலத்தோட்டத்துக்கு மேலே போனவர். அந்தக் காலத்தில் மழையில்லாத வருசம் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் மலையேறிவிடுவார்கள். அப்பா மூன்று வருசம் போய் வந்தார். மூன்றாம் வருசம் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். மலைக்காய்ச்சல். எட்டு நாள் உதறிக்கொண்டே கிடந்து போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு இருந்தது முக்கால் குழி நிலம் என்று சொல்வார்கள், அவ்வளவு துண்டு. எனக்கு மீசை அரும்பியதிலிருந்து கங்காணி வருசா வருசம் வீட்டுக்கு வந்து, “என்ன ஆத்தா, பையனை அனுப்புறியா?” என்று கேட்பார். என் ஆத்தா ஒவ்வொரு வருசமும் கதவைச் சாத்துவாள். அந்த வருசம் சாத்தவில்லை. வீட்டில் ஒன்றுமில்லை. மாமா பேசி முடிவு பண்ணினார். சித்திரைத் திருவிழா ஆட்டத்துக்கு நோட்டக்காரர் வருகிறார், அவர் எடுத்தால் மில், எடுக்காவிட்டால் அடுத்த வாரமே மலை.

காமயகவுண்டன்பட்டிச் செட்டில் நான் மூலைக்காரன். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிராளி மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு நம் கோட்டுக்குள் வருவான். நாம் அரைவட்டமாக நிற்போம். இரண்டு கோடியிலும் நிற்கிறவன் மூலைக்காரன். பாடி வருகிறவன் முன்னால் வர வர மூலைக்காரன் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது, காலும் பின்னக் கூடாது. அவன் தொட்டுவிட்டுத் திரும்பலாம் என்று இடுப்பைத் திருப்புகிற அந்த நொடியில் கணுக்காலில் விழ வேண்டும். ஒரு நொடி முந்தினால் உதைத்துவிட்டுப் போவான். ஒரு நொடி பிந்தினால் கோட்டில் இருப்பான். நான் இடது மூலை. சின்னதிலிருந்து அந்த மூலைதான். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. சிலர் இடது கையால் சாப்பிடுவதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் ஐந்து பேரைப் பிடித்தேன். ஐந்தாவது ஆள் சின்னமனூர்ச் செட்டின் பெரிய பாட்டுக்காரன். அவனை விழத்தாட்டியபோது எங்கள் ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். நான் எழுந்து அவரைத் தேடினேன். எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருக்க, அவர் வெயிலில், என் மூலைக்குப் பின்னால், தரையில் குத்தவைத்திருந்தார். நகத்தைச் சீவிக்கொண்டிருந்தார். என் பாதத்தைத்தான் பார்த்தார்.

பிறகு எங்கள் செட்டின் தலைவனைக் கூப்பிட்டு, “அவன அந்தப் பக்கம் நிப்பாட்டு” என்றார்.

வலது மூலைக்குப் போனேன். அடுத்துப் பாடி வந்தது ஒரு சோப்ளாங்கி. எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிகூட அவனைப் பிடிக்கும். அவன் எப்போது வந்தான், எப்போது தொட்டான் என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் விரல் பட்டது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் அவன் கோட்டைத் தாண்டி நின்று சிரிக்கிறான். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டக்காரர் எழுந்து துண்டை உதறினார். ஆட்டம் பாதிதான் ஆகியிருந்தது. மாமா ஓடிப்போய் வழிமறித்தார்.

“என்னங்கய்யா கெளம்பிட்டீக? அஞ்சு பேரப் பிடிச்சானே, பாக்கலையா?”

“பிடிச்சதப் பாக்க ஊரே இருக்குல்ல. விட்டதப் பாக்க நா ஒருத்தன் போதும்” என்றார். “காலையில வாறேன். வயக்காட்டுல நிக்கச் சொல்லு.”

காலையில் வந்தார். தண்ணீர் பாய்ச்சிய வயல், நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வரப்பு. என்னை முன்னால் நிறுத்தி, தன்னைப் பார்த்தபடியே பின்னால் நடக்கச் சொன்னார். அவர் முன்னால் வர வர நான் பின்னால் போனேன். வரப்பு வளைந்தது, நானும் வளைந்தேன். ஈர மண் வழுக்கியது, நான் வழுக்கவில்லை. கடைசி வரைக்கும் போய் நின்றேன். பின்னால் வந்த மாமா, “மாட்டவிட நல்லாப் பின்னால போறான்யா!” என்று கைதட்டினார்.

நோட்டக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து என் வலது பக்கமாக எறிந்தார். விலகிக்கொண்டேன். இன்னொன்று எடுத்தார். அதை எறிந்ததை நான் பார்க்கவில்லை. கன்னத்தில் வந்து உடைந்தது. இடது கன்னம்.

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். கிட்டே வந்தார். எண்ணெய் மணக்கிற உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினார்.

“என்னலே தெரியுது?”

நான் மாமாவைத் தேடினேன். மாமா இல்லை. வயல் இல்லை. மலை இல்லை. சுண்ணாம்புத் தண்ணீருக்குள் முங்கிக் கண் திறந்தது போல ஒரு வெள்ளை மட்டும் இருந்தது.

“கைய எடுங்கய்யா” என்று முனகினேன். “வெளிச்சம் மட்டுந்தேன் தெரியுது.”

அவர் கையை எடுத்தார். என் காதருகே குனிந்து, மாமாவுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“ஒனக்கு எடது கண்ணு கெடயாது தம்பி. அதேன் நீ அந்த மூலையவே பிடிச்சுக்கிட்டு நிக்கிற. அங்கன நின்னா ஆட்டம் முழுசும் ஒனக்கு வலப்பக்கம்.”

பத்தொன்பது இருபது வயசு எனக்கு. அத்தனை வருசம் அந்தக் கண்ணோடு எழுந்து, குளித்து, ஆடு மேய்த்து, ஐந்து பேரைப் பிடித்து நின்றவன் நான். எனக்கு ஒரு கண் கிடையாது என்பதை ஒரு வெளியாள் வந்து வரப்பில் வைத்துச் சொல்கிறார். நான் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை இடது கண் முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி வீட்டுக்கு ஓடினேன். ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா, எனக்கு ஒரு கண்ணு தெரியாதாமே?”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “ரெண்டு வயசுல அம்மை போட்டப்ப போனதுடா. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் என்னைவிட அதிர்ச்சி. அத்தனை காலமும் வட்டிலை என் வலது பக்கமாகவே வைத்து வந்தவள் அவள். நானாக வருத்தப்பட்டுக் கேட்கிற வரைக்கும் மாமாவிடம்கூட இதைப் பேசக் கூடாது என்று இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதுரையிலிருந்து மில்லின் ஆள் மத்தியான பஸ்ஸில் வருவதாக இருந்தது. அது உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரி போட்டு, புகையில் ஓட்டினார்கள். மேட்டில் நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். அதனால் மத்தியானம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வரும். நான் அதற்குள் நோட்டக்காரரைப் பிடித்துவிட வேண்டும் என்று பஸ் நிற்கிற டீக்கடைக்கு ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் நீவிக்கொண்டிருந்தார்.

“அய்யா, சொல்லிராதீக” என்றேன்.

அவர் நிமிரவில்லை.

“எங்கப்பன் மலைக்குப் போயித்தேன் செத்தான். இது இல்லன்னா நானும் மலைதேன். இடது மூலையில நின்னா எனக்கு ஒரு குறையும் இல்லைல்ல? நீங்களே பாத்தீகள்ல?”

“பாத்தேன்.”

“அப்பறம் என்னங்கய்யா?”

“மாட்டுக்காரன் காதுல சொல்லியாச்சு. இனி வாங்குறவனுக்குச் சொல்லணும். அதேன் மொறை. இதுவரைக்கும் எவனுக்கும் மறைச்சதில்ல. எம்மகளப் பொண்ணு பாக்க வந்தாகள்ல, அப்பவும் அவளுக்கு ஒரு காது மந்தம்னு நாந்தேன் மொதல்ல சொன்னேன். கல்யாணம் நின்னு போச்சு.”

இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். தன் பெண்ணுக்கே மறைக்காத மனுசனிடம் நான் எதைச் சொல்லிக் கெஞ்ச?

பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் புது ஆள். முன்னால் வந்துகொண்டிருந்தவர் சந்தைப் பழக்கம் உள்ளவர், அவர் வேலையை விட்டுவிட்டாராம். இவர் டிரில் மாஸ்டர். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். முகமெல்லாம் கரிப்புகை.

“நோட்டக்காரர் நீங்கதானா? உங்களப் பத்தி ரொம்பச் சொன்னாங்க” என்றார். “பையன் எங்க? இவனா? ஆள் எப்பிடி?”

நோட்டக்காரர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். மாஸ்டரின் வலது கையைப் பிடித்து, துண்டால் மூடினார்.

“என்ன இது, வித்தை காட்டுறீங்களா?” என்று மாஸ்டர் சிரித்தார்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். துண்டு அசைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. நோட்டக்காரர் கையை வெளியே எடுத்தார். என் காரியம் முடிந்தது. அடுத்த வாரம் கம்பமெட்டு ஏற வேண்டும். நான் எழுந்தேன்.

“ஒண்ணு!” என்று மாஸ்டர் கத்தினார். தன் ஆட்காட்டி விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். “ஒரு விரலப் பிடிச்சாரு! ஒண்ணாம் நம்பராம்யா பையன்! அப்பிடிப் போடுங்க! கெளம்புடா, துணிமணி எடுத்துட்டு வா, இதே பஸ்ஸுதான்!”

மாமா துள்ளிக் குதித்தார். கண் விஷயம் அவருக்குத் தெரியாது, மாட்டுக்கு உள்ள விரல் கணக்கு மனுசனுக்கும் உண்டு என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. தெரிந்த ஆள் அங்கே இரண்டு பேர்தான். நான் நோட்டக்காரரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது. துண்டுக்குள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அவர் சொல்ல வேண்டியதை முறைப்படி சொல்லியாயிற்று. கேட்டவனுக்கு அந்தப் பேச்சு தெரியாது. திருத்த வேண்டுமென்றால் முறையை உடைத்துத்தான் திருத்த வேண்டும்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போது அவர் படிக்கட்டு வரைக்கும் வந்தார். என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மூலைய மாத்தி நிக்காத. எவன் சொன்னாலும் நிக்காத.”

மதுரையில் நான் மூன்று வருசம் இடது மூலையில் நின்றேன். ஆத்தாவுக்கு மாதா மாதம் மணியார்டர் போனது. கங்காணி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு தடவை வலது மூலைக்காரனுக்குக் கணுக்கால் பிசகி, மாஸ்டர் என்னை மாறச் சொன்னார். முடியாது என்றேன். “ஏன், ஒனக்கு இந்த மூலை ராசியா?” என்றார். ஆமாம் என்றேன். “ஒண்ணாம் நம்பருக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

சண்டை முடிந்து வந்த பொங்கலுக்கு லீவு கிடைத்தது. நோட்டக்காரருக்கு ஒரு புது ஈரிழைத் துண்டு வாங்கிக்கொண்டேன். மாமாவிடம் காட்டினேன். மாமா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இத வச்சு என்ன செய்யப் போறாரு?” என்றார்.

“ஏன் மாமா?”

“ஒனக்குத் தெரியாதா? நீ போன மறுவாரமே நோட்டத்த விட்டுட்டாரு. எவ்வளவோ பேரு கால்ல விழாத கொறையாக் கேட்டாக. ‘ஒத்த விரலு ரெண்டு பேச்சு பேசிருச்சு, இனி அது நாக்கு இல்ல, வெறும் சதை’ன்னுட்டாரு. என்னத்தச் சொல்றாருன்னு எவனுக்கும் வெளங்கல.”

எனக்கு விளங்கியது. நான் பிழைக்கிறேன், அவருக்கு ஒன்றும் நட்டமில்லை என்றுதான் மூன்று வருசமும் நினைத்திருந்தேன்.

சந்தைக்குப் போனேன். பொங்கல் சந்தை, கால் வைக்க இடமில்லை. மாடு கட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒருவன் ஒரு சோடி மாட்டைப் பிடித்துக்கொண்டு, “ஒரு வார்த்த சொல்லுங்கய்யா” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். துண்டு பழுப்பேறியிருந்தது. நகமெல்லாம் வளர்ந்து, உள்ளே மண்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இடமில்லாததால் அவர் என் இடது பக்கம் இருந்தார். முகம் பார்க்க நான் முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது. புதுத் துண்டை மடியில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

“மூலைய மாத்தலைல்ல?”

“இல்லைங்கய்யா.”

“ம்.”

“அய்யா, நா மாஸ்டர்ட்ட உண்மையச் சொல்லிர்றேன். ஒங்க பேச்சு சரியாத்தேன் இருந்துச்சு, அவருக்குத்தேன் தெரியலைன்னு சொல்லிர்றேன். நீங்க மறுபடி நோட்டம் பாருங்க.”

“சொல்லிட்டு?”

“மலைக்குப் போறேன்.”

இதை நான் நெஞ்சறிந்து சொன்னேனா, அவர் வேண்டாம் என்பார் என்ற தைரியத்தில் சொன்னேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“என்னன்னு சொல்லுவ?” என்றார்.

“ஒத்த விரலுன்னா ஒத்தக் கண்ணு, அதத்தேன் நீங்க சொன்னீகன்னு.”

“நா அதத்தேன் சொன்னேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“அய்யா?” என்றேன். மூன்று வருசமாக ஒரு பொய்யின் மேல் நிற்கிறோம் என்று நினைத்தவனுக்கு, அது பொய்தானா என்பதே இப்போது தெரியவில்லை.

“கையக் குடு” என்றார்.

கொடுத்தேன். என் மடியிலிருந்த புதுத் துண்டை உதறி, இரண்டு பேர் கையையும் மூடினார். எதிரில் மாட்டோடு நின்றவன் வாயைப் பிளந்து பார்த்தான். மணிக்கட்டைப் பிடிப்பாரோ என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. பிடிக்கவில்லை. என் ஆட்காட்டி விரலைப் பிடித்தார். ஒரே விரல். வளர்ந்த நகம் குத்துகிற அளவுக்கு, விடாமல், வெகுநேரம் பிடித்திருந்தார்.

“இது எதுங்கய்யா? கண்ணா, நம்பரா?”

அவர் கையை எடுத்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“துண்டுக்குள்ள சொன்னத வெளிய கேக்குறவன் சந்தைக்கு வரக் கூடாதுடா” என்றார்.

பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. மாட்டுக் கயிறுகளைத் தாண்டி, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, அங்கே இருந்தவனை நகரச் சொல்லி, என் வலது பக்கமாக உட்கார்ந்தார்.